கோதண்டம் வரையாத மலை

திருமுல்லைவாயிலில் ஒரு ஃபிளாட். அதன் வாசல் ஹாலில் சுவர் முழுக்க ஒரு படம். கீழே புல்வெளி, மேலே பனிமலை, அருவி, இரண்டு மான். மூலையில் ‘கோதண்டம்’ என்று கையெழுத்து. அந்த மலையைக் கோதண்டம் வரையவில்லை. ஆறு வருஷமாகச் சொல்கிறேன், ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. பால் ஊற்ற வந்தவனுக்குப் படத்தைப் பற்றி என்ன தெரியும் என்று லிஃப்டில் ஏறிப் போய்விடுகிறார்கள்.

எனக்குத் தெரியும். அந்தப் புல்லில்தான் என் மாடுகள் மேய்கின்றன.

கோதண்டம் ஆவடி ஃபேக்டரியில் பெயிண்டர். முப்பத்திரண்டு வருஷம் வண்டிகளுக்கு ஒரே பச்சை அடித்தவர். ரிட்டயர் ஆன மறுமாசமே ஹார்ட்போர்டும் எனாமல் டப்பாவுமாக மேனாம்பேட்டுக்குப் பின்னால் நாங்கள் மாடு மேய்க்கிற புல்வெளிக்கு, மேய்க்காலுக்கு, வந்துவிட்டார். முதல் நாளே சண்டை. மனுஷன் பிரஷ்ஷை எடுத்துப் புல்லுக்கே பெயிண்ட் வைத்துக்கொண்டிருந்தார்.

“யோவ், இன்னா பண்ற? மாடு துன்னா நீயா பதில் சொல்லுவ?”

“கோச்சிக்காத நைனா. கலர் பாத்துகினு கீறேன்.”

ஃபேக்டரிப் பழக்கமாம். கலந்த பெயிண்டை வண்டி மேலேயே ஒரு சொட்டு வைப்பார்களாம். காய்ந்த பிறகும் சொட்டு தனியாகத் தெரிந்தால் கலவை தப்பு. புல்லுக்கும் அதே கணக்கு. சொட்டு தெரியாமல் போகிறவரை கலந்துகொண்டே இருப்பார். பிறகு பெயிண்ட் பட்ட புல்லை ஒன்றுவிடாமல் கிள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார், என் மாட்டுக்காக.

வருஷக்கணக்காக அதே இடம், அதே புல்.

“ஊட்டி கீட்டி போய் வரையறதுதானே?” என்பேன்.

“இதுவே இன்னும் முடியல உத்தமா. ஐப்பசிக்கு ஒரு பச்சை, தைக்கு ஒரு பச்சை. நேத்து இருந்தது இன்னிக்கு இல்ல. ஒரே டப்பாவ அடிச்சவன்யா நானு. எனக்கு இது எப்டி கீது தெரியுமா?”

அந்த ஃபிளாட்டின் செகரட்டரி ராகவன் ஹால் சுவரில் வரையக் கூப்பிட்டபோது இருபத்திரண்டு நாள் வரைந்தார். புல், கொக்கு, கரண்ட் டவர், கொம்பு ஒடிந்த என் மாடு, எல்லாம் இருந்தபடி இருந்தது. மூலையில் கையெழுத்தும் போட்டுவிட்டார். ராகவன் வந்து பார்த்தார்.

“சூப்பர்ணே. ஆனா வெறும் புல்லா இருக்கே. டவர எடுத்துட்டு ஒரு மலை, ஒரு ஃபால்ஸ் வெச்சா சீனரி மாதிரி இருக்கும்.”

“அங்க மல இல்லியே சார்.”

“படம்தானேண்ணே?”

கோதண்டம் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். மறுவாரம் வேறு ஆளைக் கொண்டுவந்து மலையை ஏற்றினார்கள். என் மாடு மானாகிவிட்டது. சரி, இவர் பெயரையாவது அழித்தார்களா? அதுவும் இல்லை! ஒரு சொட்டு தனித்துத் தெரியக்கூடாது என்று நின்ற மனுஷன் தலையில் பனிமலையைத் தூக்கி வைத்துவிட்டு, “நல்லா வரைஞ்சிருக்கார்ல” என்று விருந்தாளிகளுக்குக் காட்டுகிறார்கள். நிஜப் புல்வெளி அவர்கள் பால்கனியிலிருந்தே தெரிகிறது. இறங்கி வந்து பார்த்தவர் ஒருத்தர் இல்லை. நான் போய்க் கத்தினேன். நாலு வீட்டில் என்னிடம் பால் வாங்குவதை நிறுத்தியதுதான் மிச்சம். அதன்பிறகு கோதண்டம் அந்தத் தெருவில் கால் வைக்கவில்லை. மேய்க்காலுக்குச் சுற்றிக்கொண்டு வருவார்.

போன கார்த்திகையில் நுரையீரலில் நீர் கோத்துப் படுத்துவிட்டார். பார்க்கப் போனேன். அவர் மருமகள் ரேவதி உள்ளே கூப்பிட்டாள். முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

“இன்னிக்கே சுண்ணாம்பு வாளியோட போறேன். அந்தச் சொவத்த மொத்தமா பூசிட்டுத்தான் மறுவேல” என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேச்சு வந்தது.

“சொவத்த உடு. அந்த ராகவன் சார ஒரு நாள் மேய்க்காலுக்கு இட்டுகினு போ. காலைல ஆறு மணிக்கு, வெயில் ஏறதுக்கு மின்ன. மழ பேஞ்சிகீது, இப்ப பச்ச நல்லா இருக்கும். திட்டாத. ஒண்ணியும் பேசாத. அவரா போதும்னு சொல்ற வரிக்கும் கூட நில்லு.”