கலாதேவி டீச்சர் நடத்திய நலக்கல்வி

தமிழ்ப்பள்ளிகளில் நலக்கல்வி என்று ஒரு பாடம் உண்டு. உண்டு என்பது கால அட்டவணையில்தான். அந்த நேரத்தைக் கணிதம் விழுங்கும். கணிதம் விட்டுவைத்தால் விளையாட்டுப் போட்டி ஒத்திகை விழுங்கும். அதிலும் உடல் மாற்றங்களைப் பற்றிய பக்கம் வந்துவிட்டால் ஆசிரியர்களுக்குத் திடீரென்று தொண்டை கட்டிக்கொள்ளும். "இத வீட்ல போய் படிச்சுக்குங்க" என்பார்கள். வீட்டில் அம்மாவோ, "அதெல்லாம் டீச்சர் சொல்லித் தருவாங்க" என்பாள். பிள்ளை நடுவில் விழித்துக்கொண்டு நிற்கும்.

யாருக்கும் வேண்டாத அந்தப் பாடத்தை வலியக் கேட்டு வாங்கியவள் கலாதேவி. வீடு ஈப்போ குனோங் ராபாட்டில். பள்ளி நகரத்துக்கு வெளியே, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வரிசை வீடுகள் வந்துவிட்ட இடத்தில். தோட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டு மிச்சம் நிற்பது பள்ளி மட்டும்தான்.

அந்தப் பாடத்தின்மேல் அவளுக்கு என்ன அப்படி ஒரு பிடிவாதம்? காரணம் இருந்தது. சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள் அவள். அப்பா சன்னாசியும் அம்மாவும் விடியுமுன்னே பால் வெட்டப் போய்விடுவார்கள். ஐந்தாம் வகுப்பு படிக்கையில் ஒருநாள் கவுனில் இரத்தத்தைப் பார்த்தவள், சாகப்போகிறோம் என்று முடிவுகட்டி, பால் ஸ்டோருக்குப் பின்னால் ஒளிந்து அழுதாள். அம்மா கண்டுபிடித்தபோது முதலில் ஓர் அறை கிடைத்தது, அப்புறம் ஊர்கூடிச் சடங்கு நடந்தது. நடந்தது என்னவென்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அறைந்த அம்மாவை அவள் மன்னித்துவிட்டாள். பாவம், அவளுக்கும் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அந்த அழுகையைத்தான் மறக்க முடியவில்லை. தன் கண்ணெதிரே ஒரு பிள்ளைகூட அப்படி ஒளிந்து அழக்கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்கு வைராக்கியம்.

அதனால் தொண்டை கட்டாமல் நடத்தினாள். பையன்களையும் உட்காரவைத்துத்தான் நடத்தினாள். அவர்கள் சிரித்தால், "சிரிச்சு முடிச்சிட்டீங்களா? முடிஞ்சதும் சொல்லுங்க, பாடத்த ஆரம்பிக்கலாம்" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். வகுப்பு அலமாரியின் மேல்தட்டில் தன் செலவில் நாப்கின் வாங்கி வைத்திருந்தாள். "என்ன ஆனாலும் பயப்படக் கூடாது. நேரா என்கிட்ட ஓடி வரணும், வெளங்குதா?" என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்வாள்.

அவள் கணவன் கனகராஜ் லாரி ஓட்டுநர். லூமுட் சாலையில் நடந்த விபத்தில் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. பிள்ளை இல்லை. அவன் போனபிறகும் அவள் நெற்றியில் சின்னதாய்க் கறுப்புப் பொட்டு வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கு வந்தாள். அதற்கும் முணுமுணுத்தார்கள், ஊர்வாயை மூட உலைமூடி ஏது என்று விட்டுவிட்டாள்.

போன வருடம், ஓய்வு நேரத்தில், ஐந்தாம் வகுப்பு ஷர்மினி கேண்டீனிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள். "டீச்சர், நீங்க சொன்னீங்கள்ல, அது எனக்கு வந்துருச்சு!"

கலாதேவிக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளை ஒளிந்துகொள்ளவில்லை, அழவில்லை, சொன்னபடி ஓடி வந்துவிட்டது. இத்தனை வருடம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதற்கு வேறென்ன வேண்டும்! நாப்கினைக் கொடுத்துக் கழிப்பறை வாசலில் காவல் நின்றாள். தன் கம்பளிச் சட்டையை அவள் இடுப்பில் கட்டிவிட்டாள். சூடாக ஒரு மைலோ வாங்கிக் கொடுத்து, அம்மாவுக்குப் போன் போட்டாள்.

அம்மா நவமணி கையுறைத் தொழிற்சாலைச் சீருடையோடு ஓடி வந்தாள். மகளைக் கட்டிக்கொண்டு சிரிப்பும் அழுகையுமாக நின்றவள் கேட்டாள்: "யாரு டீச்சர் மொதல்ல பார்த்தது?"

"நான்தான்மா. நேரா என்கிட்டதான் ஓடி வந்தா" என்றாள் கலாதேவி, பெருமை பொங்க.

நவமணியின் முகம் செத்துப்போயிற்று. "வேற டீச்சருங்க யாருமே இல்லையா? புருசன் இருக்கறவங்க யாராச்சும்..." முடிக்காமல், மகள் இடுப்பிலிருந்த கம்பளிச் சட்டையை அவிழ்த்தாள். அதைக் கலாதேவியின் கையில் கொடுக்காமல் நாற்காலியில் வைத்துவிட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள்.

வயதுக்கு வந்த பெண்ணை முதலில் பார்ப்பது சுமங்கலியாக இருக்கவேண்டும். தாலி அறுத்தவள் கண்ணில் பட்டால் பிள்ளையின் வாழ்க்கையும் அப்படியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. தோட்டத்து லயத்து வீடுகளை இடித்தபோதே அதுவும் மண்ணாகிவிட்டது என்று கலாதேவி நினைத்திருந்தாள். அது சாமிப்படங்களோடு பத்திரமாக வீடு மாறி வந்திருந்தது அவளுக்குத் தெரியவில்லை. நவமணி ஒன்றும் பொல்லாதவள் அல்ல. மகளுக்கு நல்லது நினைத்துத்தான் இன்னொருத்தியின் நெஞ்சில் மிதித்தாள்.

சடங்கு மண்டபத்தில் நடந்தது. மற்ற ஆசிரியைகள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனார்கள். கலாதேவிக்கு அழைப்பு வரவில்லை.

அடுத்த வாரம் தலைமையாசிரியர் சதாசிவம் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "யாரும் புகார் கொடுக்கல டீச்சர். அம்மாங்க கொஞ்ச பேரு வந்து பேசிட்டுப் போனாங்க, அவ்வளவுதான்."

"நான் என்ன சார் தப்பு செஞ்சேன்?"

"தப்பே இல்ல. எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கையும் இல்ல. ஆனா பெத்தவங்க மனசுன்னு ஒன்னு இருக்குலா. பாடத்த நீங்களே நடத்துங்க, உங்கள மாதிரி வேற யாரு நடத்துவா? அந்த மாதிரி நேரத்துல மட்டும் ஆபீஸ் சரளாவக் கூப்பிட்டுக்குங்க. நீங்க கிட்ட போக வேணாம்."

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். கல்வி இலாகா வரை போயிருக்கலாம். போனால், சண்டை முடிவதற்குள் பாடம் மறுபடி தொண்டை கட்டியவர்களிடம் போய்விடும் என்று பயந்தாள். "சரி சார்" என்றாள். அலமாரிச் சாவியைச் சரளாவிடம் கொடுத்தாள். வீட்டுக்குக் காரோட்டிப் போகும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

இந்த வருடமும் அவள்தான் நலக்கல்வி நடத்துகிறாள். முன்பு போலவே நன்றாகத்தான் நடத்துகிறாள். "என்கிட்ட ஓடி வரணும்" என்பதை மட்டும் சொல்வதில்லை. "பெரியவங்ககிட்ட சொல்லணும்" என்கிறாள்.

மூன்று வாரங்களுக்கு முன்பு, பள்ளி விட்டு எல்லாரும் போனபிறகும் ஐந்தாம் வகுப்பு தர்ஷிகா மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். கலாதேவிக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. தலைமையாசிரியர் சொன்னதெல்லாம் மறந்துபோய் இரண்டே எட்டில் பக்கத்தில் போனாள்.

"வேணாம் டீச்சர்!" பிள்ளை நாற்காலியோடு பின்னால் நகர்ந்தது. "நீங்க வேணாம். சரளா அக்காவ வரச் சொல்லுங்க."

"சரளா இன்னிக்கு லீவும்மா."

"பரவால்ல டீச்சர். அம்மா வர வரைக்கும் நான் இப்படியே இருக்கேன்." சொல்லிவிட்டு மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழத் தொடங்கியது.

கலாதேவி மெல்லப் பின்வாங்கி வெளியே போனாள். நடைவழியில் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"பயப்படாதீங்கம்மா, நல்ல விஷயந்தான். சீக்கிரம் வாங்க" என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னாள்: "இன்னும் யாரும் பாக்கல."