ஷானன் என்றால் ஆறு

என் வகுப்பில் பெயருக்குக் கருத்து இல்லாத ஒரே பிள்ளை நான்தான் என்பது எனக்கு ஏழு வயதில் தெரியவந்தது. அதுவரை அது ஒரு குறை என்று எனக்குத் தெரியாது.

அப்போது நாங்கள் டோர்செட் பார்க்கில் ஒரு அடுக்குமாடியின் ஒன்பதாம் தட்டில் இருந்தோம். நாங்கள் என்றால் அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. மாமாதான் முதலில் கனடா வந்து, பிறகு எங்களை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டவர். அப்பா பின்னால் வருவதாக ஏற்பாடு. ஊரில் ஒரு அலுவலாக நிற்கிறார், முடிந்ததும் வருவார் என்று அம்மா சொல்லியிருந்தார். அந்த அலுவல் ஒரு வருடத்துக்கு மேலாக முடியாமல் இருந்தது. அப்பா சவரம் செய்யவே அரை நாள் எடுக்கிறவர் என்பதால் எனக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் என்னோடு சண்டை பிடிக்கக்கூட ஆள் இல்லை. இடைவேளையில் கம்பி வேலியோரம் போய் நின்று, பனியைக் காலால் மிதித்து மிதித்து ஒரு வட்டம் செய்வேன். மணி அடிக்கும்வரை அந்த வட்டத்துக்குள் நிற்பேன். ரீச்சர் என் பெயரை நீட்டா என்று சுருக்கியிருந்தார். மற்றப் பிள்ளைகளுக்கு அந்தச் சுருக்கமும் தேவைப்படவில்லை, ஏனென்றால் அவர்கள் என்னைக் கூப்பிடுவதில்லை. என் முழுப்பெயரை நானே மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்ட நாட்களும் உண்டு.

எங்கள் ரீச்சரின் தாய் தகப்பன் அயர்லாந்தில் இருந்து வந்தவர்கள். மார்ச் மாதத்தில் அவர்களுக்கு ஒரு திருநாள் வரும். அந்த வெள்ளிக்கிழமை ரீச்சர் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, இந்த வகுப்பில் எத்தனை பேருக்கு ஐரிஷ் பெயர் இருக்கிறது தெரியுமா என்று கேட்டார். பாதிப் பேருக்கு இருந்தது. அவர்களில் அயர்லாந்தோடு சம்பந்தம் உள்ளவர்கள் மிகக் குறைவு என்பது வேறு விஷயம். கெவின் ஹொங்கொங்கில் இருந்து வந்தவன். கெவின் என்றால் அழகாகப் பிறந்தவன் என்று ரீச்சர் சொன்னதும் முன்பல் இரண்டும் இல்லாத வாயால் சிரித்து, எழுந்து நின்று எல்லோரையும் வணங்கினான். எய்டன் என்றால் சின்ன நெருப்பு. அந்தச் சின்ன நெருப்பு மூக்கு ஒழுக ஒழுக, வகுப்புக்குள்ளும் குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் இருக்கும். கியரன் என்றால் சின்னக் கறுப்பன். எங்கள் ஊரிலும் கறுவல் என்று கூப்பிடப்படுகிறவர்கள் உண்டு, ஆளைப் பார்த்தால் காரணம் விளங்கும். கியரனோ உரித்த உள்ளி மாதிரி வெள்ளை. முதன்முதலில் அந்தப் பெயரை வைத்திருந்தவருக்குத் தலைமயிர் கறுப்பாக இருந்திருக்கும், பிறகு பெயர் மட்டும் கைமாறிக் கைமாறி வந்திருக்கும் என்று ரீச்சர் சொன்னார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த வகுப்பில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவள் ஷானன். எங்கள் கட்டடத்திலேயே நாலாம் தட்டில் தாயோடு இருந்தாள். லிப்டில் பல தடவை ஒன்றாகப் போயிருக்கிறோம், பேசியதில்லை. ஷானன் என்பது அயர்லாந்தின் பெரிய ஆற்றின் பெயர் என்று ரீச்சர் சொன்னார். அவள் மெல்ல என் பக்கம் திரும்பி, உன்னுடையதற்கு என்ன கருத்து என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மற்றப் பிள்ளைகள் வீட்டில் கேட்டுக்கொண்டு வந்து திங்கட்கிழமை சொல்லலாம் என்றார் ரீச்சர். ஒரு நல்ல கருத்தோடு போனால் ஷானன் இன்னொரு கேள்வியும் கேட்பாள் என்று எனக்குத் தோன்றியது.

அம்மா வேலையால் வந்து அரிசி கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நிதுஷா எண்டால் என்ன கருத்து?"

அம்மாவின் கை தண்ணீருக்குள் நின்றுவிட்டது. "அப்பா வைச்ச பேர். அவர் வந்தாப்போல கேள்."

மாமா கதிரையில் இருந்து சிரித்தார். "கருத்தோ? உன்ர கொப்பர் அனுஷ நட்சத்திரத்துக்கு நி எண்ட எழுத்தைப் பிடிச்சார். பிறகு எண்சாத்திரத்தைப் பாத்துக் கூட்டினார், கூட்டுத்தொகை சரிவரேல்லை. வாலிலை ஒரு ஷாவைக் கட்டிவிட்டார், சரிவந்திட்டுது. அவ்வளவுதான் கதை."

"தம்பி, பிள்ளையோட விளையாடாத" என்றார் அம்மா.

ஆனால் மாமா சொன்னதுதான் உண்மை. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் அப்படித்தான் பெயர் வைத்தார்கள். சத்தம் வடிவாக இருக்க வேண்டும், எண் பொருந்த வேண்டும், வேறு வீட்டில் அந்தப் பெயர் இருக்கக்கூடாது. கருத்தை யாரும் தேடவில்லை. ஒரு நாள் கனடாவில் ஒரு பச்சைச் சட்டை ரீச்சர் கேட்பார் என்று அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலை ரெலிபோன் அடித்தது. மாமா எடுத்தார். கன நேரம் "ஓம்", "ஓம்" என்று மட்டும் சொன்னார். பிறகு வைத்துவிட்டு என்னைக் கையில் பிடித்துக் கூட்டிப்போய் எட்டாம் தட்டு அன்ரி வீட்டில் விட்டார். பின்னேரம் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் நடக்க இடம் இல்லை. டோர்செட் பார்க்கில் எங்களுக்கு இத்தனை பேரைத் தெரியுமா என்று வியந்தேன். அன்ரிமார் வீட்டில் சமைத்துச் சட்டி சட்டியாகக் கொண்டுவந்திருந்தார்கள். எல்லாம் மரக்கறி. எங்கள் அடுப்பை ஒருவரும் மூட்டவில்லை. அம்மா அறைக்குள் படுத்திருந்தார், தலையிடி என்றார்கள். அம்மாவுக்குத் தலையிடி என்றால் இத்தனை பேர் வருவார்களா என்று எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. வந்த அன்ரிமாரும் அங்கிள்மாரும் ஒருவர் விடாமல் என் தலையைத் தடவி, நிதுஷா, நிதுஷா என்று கூப்பிட்டார்கள். மாதக்கணக்காக நான் மட்டும் சொல்லிப் பார்த்த பெயரை அன்று வீடு முழுவதும் சொன்னது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவர்கள் போகக்கூடாது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் மறுபடியும் கேட்டேன். இந்த முறை அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மாமா என்னை பல்கனிக்குக் கூட்டிப்போனார்.

"அதுக்கு இனி அப்பாவைப் பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை, செல்லம். நான் சொல்லுறன். மற்றப் பிள்ளையளின்ர பேருக்கெல்லாம் என்ன கருத்து, சொல்லு பாப்பம்."

சொன்னேன். அழகாகப் பிறந்தவன், சின்ன நெருப்பு, சின்னக் கறுப்பன், ஆறு. மாமா கீழே நெடுஞ்சாலையில் போகிற கார்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் இரண்டு நாள் தாடி.

"நிதுஷா எண்டால் ஆறெல்லாம் போய்ச் சேருற இடம்."

"கடலோ?"

"ஓம். கடல்தான்."

வெள்ளிக்கிழமை கருத்தே இல்லை என்றவருக்கு ஞாயிற்றுக்கிழமை கருத்து எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. உள்ளே ஓடிப்போய், உண்மையா என்று அம்மாவைக் கேட்டேன். மாமா சொன்னால் சரிதான் என்றார். அப்பாவைக் கேள் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். ஷானன் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நான்தான் உன்னிடம் வரவேண்டும், இல்லையா?" என்று கேட்டாள். நான் எதிர்பார்த்த அந்த இன்னொரு கேள்வி அதுதான். அன்று இடைவேளையில் நான் வழக்கம்போல வேலியோரம் என் வட்டத்துக்குள் நின்றேன். அவள் மைதானத்தின் மறுமுனையில் இருந்து வளைந்து நெளிந்து ஓடிவந்து என் மேல் மோதினாள். இருவரும் பனியில் விழுந்தோம். பனி கரைந்த பிறகும் அதே விளையாட்டைச் சேற்றில் விளையாடினோம். நான் நின்றால் போதும், அவள் வந்துவிடுவாள்.

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் ஷானனின் தாய் அவளையும் கூட்டிக்கொண்டு விட்பியில் புதிதாகக் கட்டிய வீடொன்றுக்குக் குடிபோனார். விட்பி எங்கே இருக்கிறது என்று மாமாவைக் கேட்டேன், கார் இல்லாமல் போக ஏலாது என்றார். எங்களிடம் கார் இல்லை. அடுத்த வகுப்பில் மறுபடியும் வேலியோரம் தனியே நின்றேன். என்றாலும் கடல் என்றால் நிற்கத்தானே வேண்டும் என்று நினைத்து நின்றேன்.

அப்பா வந்ததும் மாமா சொன்ன கருத்து சரியா என்று கேட்கவேண்டும் என்று அம்மாவிடம் அடிக்கடி சொல்வேன். கேள் என்பார் அம்மா. நெற்றியில் பொட்டோடுதான் இருந்தார், கோயிலுக்குப் போவதை மட்டும் விட்டிருந்தார். பொட்டை ஏன் அழிக்கவில்லை என்று பெரியவர்கள் குறைசொன்னார்களாம். எனக்கு விஷயம் தெரியவேண்டாம் என்று அம்மா அதைத் தாங்கிக்கொண்டார். அப்பாவை ஆமி பிடித்துக்கொண்டு போனதையும், உடல் கிடைத்த செய்தி அந்தச் சனிக்கிழமை ரெலிபோனில் வந்ததையும் என்னை இருத்திச் சொன்னபோது எனக்குப் பதினொரு வயது. மரணவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஆட்கள் போகக்கூடாது என்று நான் ஆசைப்பட்ட நாள் அது.

மாமா என் பெயரைப் பற்றிச் சொன்னது பொய். ஆனால் அன்று பல்கனியில் அவர் இரண்டு விஷயம் சொன்னார். இனி அப்பாவைப் பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை என்றார், நான் சொல்கிறேன் என்றார். எனக்கு இரண்டாவது மட்டும்தான் கேட்டது.