மாமாவைச் சந்தையில் நிறுத்திவிட்டுப் போனது

எனக்கு அப்போது பத்து வயது. வளைகுடாவில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட சின்ன மாமா, ஊர் திரும்பி எங்கள் வீட்டோடு இருந்தார். பழைய கதையெல்லாம் பிசகாமல் சொல்வார். ஆனால் குடித்த தம்ளரைக் கீழே வைத்த கையோடு, "இன்னும் சாயா தரலியா?" என்பார். ஒன்றை மனதில் பிடித்துக்கொண்டே அடுத்ததைப் பார்க்கிற வேலை மூளையில் எங்கோ நடக்கிறதாம். நேரம் போவது தெரிவதும் அதை ஒட்டித்தானாம். மாமாவுக்கு அது கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னதைச் சொல்லி அம்மா அழுவாள். பாவி நான், அவர் சாயாவை நானே குடித்துவிட்டு, "இப்பம்தான மாமா குடிச்சிய" என்று ஏய்ப்பேன்.

ஒரு சனிக்கிழமை, அவர் வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டாமென்று, பிச்சிப்பூ வாங்க எங்கள் இருவரையும் தோவாளைப் பூச்சந்தைக்கு அனுப்பினாள் அம்மா. "மாமனுக்க கைய விட்டுராத மக்கா" என்று மூன்று முறை சொன்னாள்.

பூ வாங்கியாயிற்று. சந்தைக்குப் பின்தெருவில் என்னோடு படிக்கும் கூட்டுக்காரி வீடு. அங்கே புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதில் கார் ஓட்டும் விளையாட்டு. "இங்கனயே நில்லுங்க மாமா, அஞ்சு நிமிசத்துல வந்துருவேன்" என்று பூக்கார அக்காவின் கடைமுன் நிறுத்திவிட்டு ஓடினேன். சத்தியமாக ஐந்து நிமிடம்தான் ஓட்டியதாக நினைத்தேன். கூட்டுக்காரியின் அம்மா சோற்றுக்குக் கூப்பிட்டபோதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டரை மணி நேரம்!

ஓடிவந்தவளைப் பூக்கார அக்கா பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, எங்க போய்த் தொலைஞ்ச? 'இப்பம்தான் என் கையப் பிடிச்சிட்டு நின்னா, பிள்ளையக் காணல'ன்னு வாற ஆளு போற ஆளுட்ட எல்லாம் கேட்டுட்டு நிக்காரு. பஸ்ஸுக்கு முன்னால பாஞ்சவர ரெண்டு தடவ நான்தான் இழுத்துட்டு வந்தேன்."

மாமாவின் சட்டை முழுக்க வேர்வை. ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. "வந்துட்டியா மக்கா? ஒரு நிமிசம் உன்னக் காணாம பயந்தே போயிட்டேன்" என்றார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஒரு நிமிடம்தானே பயந்திருக்கிறார்! வீட்டுக்குப் போவதற்குள் அதுவும் மறந்துவிடும், அம்மாவிடம் அடி விழாது. பஸ்ஸில் ஜன்னலோரத்தையும் அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் வடசேரிச் சந்தையில் என் மகள் கையை உதறிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள். ஒரு நிமிடம்தான். எதிரே வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, பிள்ளையைக் கண்டீர்களா என்று கேட்டுக்கொண்டே ஓடினேன். அவள் கிடைத்த பிறகு, அங்கேயே ஒரு கடைப்படியில் உட்கார்ந்து மாமாவை நினைத்து அழுதேன். அன்று அந்த இரண்டரை மணி நேரமும், ஒவ்வொரு நிமிடமும் நான் அப்போதுதான் தொலைந்ததாக நினைத்து, திரும்பத் திரும்ப அவர் என்னைத் தேடியிருக்கிறார்.