திருப்பி அடிக்க வேண்டிய மணி

மாரிகுப்பத்தில் சுலோச்சனா வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. போன்காரம்மா வீடு என்று கேளுங்கள், தெருநாய்கூடக் கூட்டிக்கொண்டுபோய் விடும். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளிகள் இருந்த அந்த லைன் வீடுகள் அத்தனைக்கும் ஒரே டெலிபோன், அது அவள் நைனா, அதாவது அப்பா, தர்மராஜ் வீட்டில் இருந்தது. பெங்களூருக்கு வேலை தேடிப் போனவன், துபாய்க்குப் போனவன், ஆம்பூரில் கட்டிக்கொடுத்த பெண், எல்லாரும் எழுதிவைத்துக்கொண்ட நம்பர் அதுதான். அடுத்த வீட்டு போன், கூப்பிட்டுவிடச் சொல்ல வேண்டும் என்பதற்கு அடையாளமாகப் பக்கத்தில் மறக்காமல் பி.பி. என்று போட்டுக்கொள்வார்கள். போன் வந்தால் சுலோச்சனா தைக்கிற ரவிக்கையை மிஷினிலேயே விட்டுவிட்டு ஓடுவாள். "முனிரத்தினம் அண்ணா, உங்க மச்சான் லைன்ல கீறாரு, வாங்க." குளித்துக்கொண்டிருந்த மனுஷரும் ஈரத்துண்டோடு வந்து நிற்பார்.

அதெல்லாம் போயாச்சு. இப்போது ஆளாளுக்குக் கையில் ஒரு போன். ஆனாலும் அவள் அந்தப் பழைய நம்பரை விடவில்லை. "யாருமே கூப்புடாத போனை வச்சிக்கினு இன்னா பண்ணப்போற?" என்று கேட்காத ஆள் இல்லை. கேட்கிறவர்களுக்கு என்ன, கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். யாருமே கூப்பிடாத போன் இல்லை அது. வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிட அதற்கு ஓர் ஆள் உண்டு. அது அவள் தங்கை தென்றல்.

இதைச் சொல்வதற்கு முன்னால் மணிக் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். தர்மராஜ் வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர். சுரங்கத்துக்குள் இறங்கும் கிணறான ஷாஃப்டில் ஆளை ஏற்றி இறக்கும் கேஜ் என்கிற கூண்டு அவர் கையில். பூமிக்கடியில் நிற்கிறவன் முகம் அவருக்குத் தெரியாது, குரல் கேட்காது. மணிதான் பேச்சு. கீழேயிருந்து மூன்று அடித்தால் ஆள் ஏறப்போகிறது என்று அர்த்தம். அடித்த உடனே ஏறிவிட முடியாது. மேலேயிருந்து அதே மூன்றைத் திருப்பி அடிக்க வேண்டும், அதைக் கேட்ட பிறகுதான் அவன் உள்ளே காலெடுத்து வைப்பான். "திருப்பி அடிக்கலன்னா அவன் அங்கியே நின்னுனு இருக்க வேண்டியதுதான்" என்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே.

வீட்டுக்கு போன் வந்ததும் மனுஷர் அதையும் ஷாஃப்டாக்கிவிட்டார். தென்றல் பெங்களூரில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்த நேரம். சாயங்காலம் ரயில் ஏறுமுன் ஸ்டேஷன் வாசல் பூத்திலிருந்து மூன்று மணி அடிக்கவிட்டு வைத்துவிட வேண்டும். வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. பிறகு இவர் அந்த பூத்துக்கு மூன்று மணி திருப்பி அடிப்பார். பூத்காரன் தலையில் அடித்துக்கொள்வானாம். அவள் சிரித்துக்கொண்டே ரயிலைப் பிடிப்பாள். ஊருக்கே சிரிப்புத்தான், ஆனால் அப்பனுக்கும் மகளுக்கும் அது ஒரு கொஞ்சல்.

ஒரு நாள் மூன்று மணி வந்தது. இவரும் திருப்பி அடித்தார். ரயில் வந்தது, தென்றல் வரவில்லை. கூட வேலை பார்த்த ராபர்ட்சன்பேட்டை கிளாரன்ஸோடு போய்விட்டாள். சர்ச்சுப் பிள்ளையைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக தர்மராஜ் கோபப்படவில்லை, சொல்லியிருந்தால் அவரே கட்டிவைத்திருப்பார். ஏறுகிறேன் என்று மணி அடித்துவிட்டு ஏறாமல் போனாளே, அதுதான் அவருக்கு ஆறவில்லை. அடுத்த வாரம் அவள் கூப்பிட்டபோது, "இனிமே இந்த ஊட்டுக்குள்ள உன் குரல் கேக்கக் கூடாது" என்று சொல்லி ரிசீவரை வைத்தார்.

அப்பன் வீம்பு மகளுக்கும் இருக்குமா இல்லையா? குரல்தானே கேட்கக் கூடாது, மணி கேட்கலாமே. அடுத்த புத்த பூர்ணிமாவன்று மத்தியானம் போன் மூன்று தடவை அடித்து நின்றது. அந்த வீட்டில் புத்தர் படத்துக்கு மாலை போட்டுப் பாயசம் வைக்கிற நாள் அது. அன்றிலிருந்து வருஷம் தவறாமல் அதே நாள், அதே மூன்று. ஒரு வருஷம் மனசு கேட்காமல் சுலோச்சனா இரண்டாவது மணியிலேயே ஓடி எடுத்து, "தென்றலு" என்றாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. அடுத்த பூர்ணிமாவுக்கு மணியே வரவில்லை. அந்த ஒரு வருஷத்தை அவள் எப்படித் தள்ளினாள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். அதற்கப்புறம் மணி மறுபடி வர ஆரம்பித்தபோது எடுக்கவே இல்லை. மிஷினை நிறுத்திவிட்டு மூன்றையும் கேட்பாள், அழுவாள், மறுபடி பெடலை மிதிப்பாள்.

தர்மராஜும் அன்றைக்கு மத்தியானம் தூங்க மாட்டார். பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மூன்று அடித்து ஓய்ந்ததும் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வருவார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை? ஊஹூம். படுக்கையில் விழுந்த கடைசி வருஷத்தில்தான் சொன்னார். "திருப்பி அடிக்கலாம்னா நம்பரு இல்லியேம்மா. பாவம், அங்கியே நிக்கிறா." பழைய போன், யார் கூப்பிட்டது என்று அதில் தெரியாது. பெங்களூரை விட்டு எந்த ஊருக்குப் போனார்கள், எந்த நாட்டுக்குப் போனார்கள் என்று கிளாரன்ஸ் வீட்டார் இருந்த தெருவில்கூட யாருக்கும் தெரியவில்லை. அவரும் போய்ச் சேர்ந்தார். அந்தச் செய்தியும் தென்றலுக்குப் போகவில்லை.

இப்படியிருக்க, இந்தச் சித்திரையில் தாமிரக் கம்பிகளைக் கழற்றப்போகிறோம், பழைய போன்கள் எல்லாம் நிற்கும் என்று சொல்லிவிட்டார்கள். சுலோச்சனா போன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். முனிரத்தினத்தின் மகள் வாணி தினமும் ரயிலேறிப் பெங்களூர் போய் வருகிறவள், இன்டர்நெட் வழியாக போன் கொடுக்கிற ஒரு கம்பெனியில் வேலை. அவள்தான், "இதுக்கு எதுக்கு ஆண்ட்டி அழறீங்க, நம்பரை எங்க கம்பெனிக்கு மாத்திடலாம்" என்றாள்.

"கம்பி இல்லாம நம்பரு எங்கடி நிக்கும்?"

"பேரா நிக்கும் ஆண்ட்டி." வாணி ஒரு துண்டுத் துணியில் தையல் சாக்பீசால் எழுதிக் காட்டினாள். நம்பரைக் கடைசி எண்ணிலிருந்து தலைகீழாக எழுதி, ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் ஒரு புள்ளி. வெப்சைட்டுக்கு இருக்கிற மாதிரி அதுவும் ஒரு டொமைன் பேர். அந்தப் பேருக்குக் கீழே, இந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார், எந்த ஆப்பில் கிடைப்பார், எந்த மெயிலில் கிடைப்பார் என்று எழுதிவைத்துவிட வேண்டியது. யாராவது அந்த நம்பரைக் கூப்பிட்டால் கம்ப்யூட்டர் அந்தப் பேரைத் தேடிப் போய்க் கேட்கும். அது கைகாட்டுகிற இடத்தில் மணி அடிக்கும்.

சுலோச்சனா அந்தத் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இத்தத்தானே நான் இத்தினி வருஷமா பண்ணிக்கினு இருந்தேன். பி.பி."

"அதேதான். இனிமே நீங்க ஓட வேண்டாம், அது ஓடும்."

நம்பர் மொபைலுக்கு வந்தது. பாட்டு கீட்டு எதுவும் வேண்டாம், பழைய மணிச் சத்தம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். கூப்பிடுகிறவர் நம்பர் திரையில் தெரியும் என்று வாணி சொன்னபோது அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பூர்ணிமா எப்போது வரும் என்று காலண்டரைப் பார்த்துப் பார்த்து அந்தத் தாள் ஓரமே கிழிந்துபோனது.

பூர்ணிமா வந்தது. பாயசம் வைத்தாள், மாலை போட்டாள், மிஷின் மேல் மொபைலை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். மத்தியானம் போனது. வெயில் சாய்ந்தது. விகாரைக்கு விளக்கேற்றப் போகிறவர்கள் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். மணி அடிக்கவே இல்லை. நைனா மாதிரி அவளும் போய்விட்டாளோ? அந்த நினைப்பு வந்த பிறகு சுலோச்சனா பாயசத்தைத் தொடாமலே மூடிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வாணி லேப்டாப்போடு வந்தாள். எதையோ திறந்து பார்த்தவள் முகம் சுண்டிப்போனது. "ஆண்ட்டி, கால் வந்திருக்கு. பூர்ணிமா அன்னிக்கு மத்தியானம். ஆஸ்திரேலியா நம்பர்."

"அடிக்கலியே."

"எங்க கம்பெனிக் குரல் ஒண்ணு இருக்கு ஆண்ட்டி. வணக்கம், சற்றுக் காத்திருங்கள்னு முதல்ல அது பேசும், அதுக்கப்புறம்தான் உங்களுக்கு அடிக்கும். எல்லா நம்பருக்கும் அதுவே வந்துடும். எடுத்துவிட்டிருக்கணும், நான் மறந்துட்டேன். குரல் கேட்டதும் வச்சிட்டாங்க."

சுலோச்சனாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஒரு தடவை தவிர இத்தனை வருஷம் எந்தக் குரலும் பதில் சொல்லாத வீட்டில் எவளோ ஒருத்தி வணக்கம் சொல்லியிருக்கிறாள். வீடு கைமாறிவிட்டது, அக்காவும் இல்லை என்றுதானே தென்றல் நினைத்திருப்பாள்? இனி எதற்கு அடிக்கப்போகிறாள்? வாணியைத் திட்ட வாயெடுத்தவள், அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீரைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"அந்தக் குரலை எடு மொதல்ல." வாணி எடுத்தாள். "அந்த நம்பரைப் போட்டுக் குடு."

"பேசுங்க ஆண்ட்டி. அவங்க திரையில நம்ம பழைய நம்பர்தான் வரும்."

"பேசறதுக்கு இல்ல."

சுலோச்சனா மொபைலைக் காதில் வைத்தாள். எங்கேயோ கடல் தாண்டி அடிக்கிற மணி காதுக்குள் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. கட்டை விரலால் அழுத்தி நிறுத்தினாள். வாணி ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

மொபைலை மிஷின் மேல் வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது அந்தப் பழைய மணிச் சத்தம் வந்தது. திரையில் அதே ஆஸ்திரேலியா நம்பர். வாணி பாய்ந்து எடுக்கப் போனாள். சுலோச்சனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று. இரண்டு. மூன்று.

நாலாவதும் அடித்தது.

சுலோச்சனா எடுத்தாள். ஒன்றும் பேசவில்லை. அந்தப் பக்கமும் முதலில் மூச்சுத்தான் கேட்டது. பிறகு, வயசாகிப்போன ஒரு குரல், ஆனால் ஜென்மத்துக்கும் மறக்காத குரல், கேட்டது:

"அக்கா, நைனாவா திருப்பி அடிச்சாரு?"

தர்மராஜின் நாற்காலி எதிரிலேயே இருந்தது. அதில் தைத்து முடித்த ரவிக்கைகள் மடித்துக் கிடந்தன.

"அவருதாம்மா அடிக்கச் சொன்னாரு" என்றாள் சுலோச்சனா. "ஏறி வா."