சோசருக்குள் விழாத குண்டுகள்

என் மனைவி ஒரு நிபந்தனையோடுதான் அந்தத் துப்பாக்கியை வீட்டுக்குள் விட்டாள். தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைக்கும் சோசர் ஒன்றை மேசையில் வைத்து, ஐம்பது மீற்றரிலிருந்து சுடுகிற குண்டெல்லாம் இந்த வட்டத்துக்குள் விழவேண்டும், இல்லையென்றால் விற்றுவிட வேண்டும் என்றாள்.

“மானைச் சுடுறதெண்டால் சுடுங்கோ. பாதி உயிரோடை ஒண்டையும் விட்டிட்டு வரக்கூடாது.”

வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிடுகிறவளின் இரக்கம் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறேன். அங்கே என்னோடு மாவு பிசையும் கியூபெக்காரர், தகப்பனார் விட்டுப்போன பழைய லீவர் துப்பாக்கியை எனக்கு விற்றார். கைப்பிடிக்குக் கீழே உள்ள வளையத்தைத் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். கூடவே ஈயக் குண்டு வார்க்கும் அச்சையும் தந்தார். யாழ்ப்பாணத்தில் வெடிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே உருண்டவன், மொன்றியலில் லைசென்ஸ் வகுப்புக்குப் போய் ஒன்றை வாங்கினான் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். ரொறன்ரோவிலிருக்கும் என் தம்பி போன் எடுத்து வயிறு நோகச் சிரித்தான். எனக்கு ஏன் அந்த ஆசை வந்தது என்று அவனுக்குச் சொல்ல எனக்கே தெரியவில்லை. அந்தச் சத்தம் என் கைக்குள் வந்துவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்திருப்பேன்.

வீட்டுப் பின்வளவில் முகமூடி கட்டிக்கொண்டு ஈயம் உருக்கினேன். அச்சில் ஊற்றி, ஆறவைத்து, மெழுகு பூசித் தோட்டாவில் பொருத்தினேன். குண்டுகள் பளபளவென்று வந்தன. சுடுதளத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தால், சோசரை விடுங்கள், சோற்றுக் கோப்பைக்குள்ளும் விழவில்லை. ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். உள்சுவரில் ஈயம் கோடுகோடாக அப்பியிருந்தது.

பிழை என்னிடம்தான் இருந்தது. எங்கள் ஆட்களுக்குப் புத்தகத்தில் வந்தால் அதுதான் சரி. ரியூசன் வகுப்பில் வளர்ந்த புத்தி. இந்த ரகத் துப்பாக்கிக்கு இன்ன அளவுக் குண்டு என்று புத்தகத்தில் போட்டிருந்ததால், வார்த்த குண்டு ஒவ்வொன்றையும் ஒரு வளையத்துக்குள் அழுத்தி அந்த அளவுக்குச் சிறிதாக்கினேன். புத்தகம் எழுதியவர் என் துப்பாக்கியைப் பார்த்ததில்லை. ஒருநாள் கோபத்தில் குழலை அடைக்கும் மென்மையான ஈயக் கட்டி ஒன்றைக் குழலுக்குள் தட்டி இறக்கி, மறுபக்கத்தால் எடுத்து அளந்தேன். தகப்பனும் மகனும் சுட்டுச் சுட்டுக் குழல் புத்தக அளவைவிடத் தேய்ந்து அகன்றிருந்தது. நான் சிரமப்பட்டு மெலியவைத்த குண்டு அதற்குள் தொளதொளவென்று போயிருக்கிறது. குழலின் உட்சுவரில் சுற்றி ஓடும் புரிகள் அதைப் பிடிக்கவே இல்லை.

குண்டை அழுத்தும் வளையத்தைத் தூக்கி ஒரு பக்கம் போட்டேன். குண்டைக் குழலைவிட மயிரளவு பருமனாகவே விட்டேன். குழலில் பழைய தோட்டாக்கள் விட்டுப்போன செம்புக் கறையைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். அடுத்த முறை குண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி விழுந்தன. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு வட்டத்துக்கு வெளியே போயின. எப்போதும் கீழேதான். ஏதோ ஒன்று குழலைப் பிடித்து நிலத்தை நோக்கி அமர்த்துவது போலிருந்தது. அந்த வசந்தம் முழுக்க அந்தக் கீழ்த்துளைகள் என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

ஜூனில் அந்தக் கியூபெக்கார நண்பரின் வடக்குக் காணிக்குப் போனோம். மனைவியும் சோசரோடு வந்தாள். நண்பர் நான் சுடுவதைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு தானே தோட்டா போட்டுத் தருவதாகச் சொல்லித் துப்பாக்கியை வாங்கினார். இரண்டு முறை சுட்டேன். மூன்றாம் முறை அவர் வெறுமையாகத் தந்தது எனக்குத் தெரியாது. விசையை இழுத்தேன். டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. வெடியே இல்லாமல் துப்பாக்கியின் வாய் குனிந்திருந்தது. என் கண்கள் இறுக மூடியிருந்தன. தோள் இரண்டும் காதுக்கு ஏறியிருந்தன. சின்ன வயதில் பங்கருக்குள் அம்மா என் தலையை அமத்திப் பிடித்தது அந்தத் திசையில்தான்.

துப்பாக்கியில் குறை ஒன்றும் இல்லை என்றார் நண்பர். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைப் போக்கத்தானோ என்னவோ, மனைவியும் ஒருக்கால் சுட்டுப் பார்க்கட்டுமே என்று சிரித்தார். அவள் மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். காதுக்கவசத்தைப் போட்டுக்கொண்டு வந்து என் இடத்தில் அமர்ந்தாள். நண்பர் பக்கத்தில் நின்று பிடிக்கும் விதத்தைக் காட்ட, ஒவ்வொன்றாகச் சுட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இமை அசையவில்லை. அவள் சுட்ட இலக்குக் கடதாசியைக் கழற்றி அதன்மேல் சோசரைக் கவிழ்த்தோம். எல்லாத் துளைகளும் உள்ளே இருந்தன.

திரும்பி வரும்போது காரில் நக்கலாகக் கேட்டேன், உமக்குப் பயமே இல்லையோ என்று. அவள் ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

“இடம்பெயர்ந்து போகேக்கை என்ரை தம்பியின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நடந்தனான். செல் விழுந்து வெடிக்கக் கண்ணை மூடினன். திறக்கேக்கை அவன் விழுந்து கிடந்தான். உயிர் இருந்தது. ஆக்கள் என்னை இழுத்துக்கொண்டு போயிட்டினம்.”

கொஞ்சத் தூரம் போனபின், “அதுக்குப் பிறகு நான் ஒரு சத்தத்துக்கும் கண்ணை மூடுறேல்லை” என்றாள்.

அவளுடைய தம்பி செல்லடியில் செத்தான் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். இத்தனை வருசமும் இடி முழங்கும்போது அவள் படுக்கையில் எழுந்து விழித்துக்கொண்டிருப்பாள். தைரியசாலி என்று நான் ஊருக்கெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். வீடு வரும்வரை சோசர் அவள் மடியில் இருந்தது.

அந்த இலையுதிர்காலம் நான் மானுக்குப் போகவில்லை. துப்பாக்கி பூட்டிய அலுமாரியில் இருக்கிறது. அவளும் விற்கச் சொல்லவில்லை.

அதற்கு முன்னர், ஜூலையில், வழமைபோல ஆற்றங்கரைக்கு வாணவேடிக்கை பார்க்கப் போனோம். முதல் வாணம் ஏறுவதற்குள் அவளுடைய கையைப் பிடித்தேன்.

“நீர் கண்ணை மூடும். நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மேலே வெடித்தது. என் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. திறந்தபோது அவள் வானத்தைப் பார்க்கவில்லை, கண் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.