நோன்பு வாடை என்று நினைத்தேன்

ஓட்டமாவடியில் பிடவைக்கடை வைத்திருக்கும் என் கணவருக்குச் சிறு வயதிலிருந்தே இன்சுலின் ஊசிதான். சென்ற நோன்பில், "சாப்பிடாத வயித்துக்கு ஊசி எதுக்கு?" என்று அவராகவே அதை நிறுத்திவிட்டார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

மூன்றாம் நோன்பன்று அவர் வாயில் அளவுக்கு மீறிப் பழுத்த பழத்தின் வாடை அடித்தது. நோன்பாளியின் வாய்வாடை அல்லாஹ்வுக்கு உகந்தது என்று நம்பி வளர்ந்தவள் நான். அதை எப்படிக் குறையாகச் சொல்வது?

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் படுத்தவர், ஓடி வந்தவரைப் போல ஆழமாக மூச்சு வாங்கத் தொடங்கினார். "நோன்பு தொறக்கக் கொஞ்ச நேரந்தானே இரிக்கி, பொறு" என்றார். நான் பொறுக்கவில்லை. ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

"சாப்பிடாட்டியும் இன்சுலின் வேணும். இல்லாட்டி உடம்பு சீனிய விட்டுட்டுக் கொழுப்ப எரிக்கும். அதுல வாற அமிலம் ரத்தத்துல கூடிட்டு. அதச் சமப்படுத்தத்தான் இப்பிடி மூச்சு வாங்குது. பழவாடையும் அதாலதான்" என்றார் டொக்டர். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிர் தப்பியிருக்காது என்றும் சொன்னார்.

டொக்டர் சொன்னபடி இந்த வருடம் என் கணவர் நோன்பு பிடிக்கவில்லை. ஊசி தவறுவதில்லை. பகலில் பக்கத்தில் போகும்போதெல்லாம் அவர் வாயை மோந்து பார்க்கிறேன். நோன்பு மாதத்தில் அவரிடமிருந்து தேத்தண்ணி வாசம் வருகிறது. அல்ஹம்துலில்லாஹ் என்கிறேன்.