பாடுகிறவன் வராத பக்கம்

என் கையெழுத்தையும் எழுத்துப்பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்போடு நின்றவன்.

இன்று உறவினர்கள் கலைந்த பின் சமையலறையில் ஐஸ்பெட்டி மட்டும் உறுமியது. எண்பதுகளில் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் கேட்ட அதே சத்தம். அண்ணன் கோலசிலாங்கூரில் ஓர் ஆங்கில ராக் கேசட் வாங்கி வந்திருந்தான். முதல் பக்கத்தில் பாட்டு. மறுபக்கத்தில் குரலே இல்லை, நீண்ட ரீங்காரம்தான்.

"பாடுறவன் எங்கடா, ஒண்ணுக்குப் போயிட்டானா?" என்றார் அப்பா, ரப்பர் பால் வாடையோடு.

"இருங்கப்பா, வருவான் லா," என்று அண்ணன் சிரித்தான். நாடா தீரும்வரை காத்திருந்தோம்.

பிறகு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன அண்ணன் திரும்பவே இல்லை. அப்பா தினமும் அந்தப் பக்கத்தையே போடுவார். நான் நிறுத்தப் போனால், "இருடா, வருவான்," என்பார்.

இன்றும் வாசலைத் திறந்தே வைத்திருந்தேன்.

அப்பாவின் பதினாறாம் நாள், மாலை.